கொண்டை ஊசிக்கு அப்பால்: கொங்குக் கணவாய்களும் நம் பயணக் குறிப்புகளும்

கொஞ்ச நாளாக ஒரு வேலை வைத்துக்கொண்டிருக்கிறேன். கோவையிலிருந்து சைக்கிளிலோ நடந்தோ மலை ஏறியவர்கள் தமிழில் போட்ட பயணக் குறிப்புகள், காணொளிகள், முகநூல் பதிவுகள்னு கண்ணில் பட்டதையெல்லாம் வரிசையாகப் பார்த்துவருகிறேன். ஐம்பது அறுபது தேறும். முக்கால்வாசிக்கு ஒரே அச்சு. விடிகாலை நாலு மணிக்குக் கிளம்புவது, அடிவாரத்தில் டீ, அப்புறம் எண்கள். ஆழியாறு – வால்பாறை 40, திம்பம் 27, கல்லட்டி 36, கொல்லிமலை 70. ஒன்பதாவது வளைவில் ஒரு படம், இருபதாவதில் மூச்சு வாங்கல், கடைசி வளைவில் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கி இன்னொரு படம். கீழே ஸ்ட்ராவா கணக்கு. முடிந்தது.

இவர்களைக் கேலி செய்வது என் நோக்கமில்லை. நானும் மிதிக்கிறவன்தான், மூச்சு வாங்குகிறவன்தான். ஆனால் எழுத்தாகப் பார்க்கும்போது ஒரு விஷயம் உறுத்துகிறது. இத்தனை பேர் கணவாய்களில் போய்வந்திருக்கிறார்கள். கணவாயைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. மலையின் ஒரு பக்கம் ஏறுகிறார்கள், அதே பக்கம் இறங்குகிறார்கள். அந்தப் பக்கம் என்ன ஊர், அங்கிருப்பவர்கள் எதற்காக இந்தப் பக்கம் வருகிறார்கள், ரோடு போடும் முன்னால் யார் எந்தத் தடத்தில் நடந்தார்கள் – ஒன்றும் கிடையாது.

முதலில் அந்த எண்களையே எடுத்துக்கொள்வோம். கொண்டை ஊசி வளைவு எதற்குப் போடுகிறார்கள்? சரிவின் கடுமையைக் குறைக்கத்தான். நேராகப் போட்டால் ஏற முடியாத இடத்தில் ரோட்டை மடித்து மடித்து நீளமாக்குகிறார்கள். அப்படியானால் வளைவுகளின் எண்ணிக்கையை வைத்து ஏற்றத்தின் கடுமையைச் சொல்லவே முடியாது. எழுபது வளைவு உள்ள கொல்லிமலை, முப்பத்தாறு உள்ள கல்லட்டியைவிட இரண்டு மடங்கு கடினமா? இரண்டிலும் மிதித்த கால்களைக் கேட்டுப் பாருங்கள், கல்லட்டிதான் கடுமைனு சொல்லும். மேட்டுப்பாளையம் – குன்னூர் ரோட்டில் வளைவுகள் பதினாலுதான். ஆனால் ஏறுவது ஆயிரத்து முந்நூறு மீட்டருக்கும் மேலே.

இதே சரிவில் நூறு வருஷத்துக்கு மேலாக ஒரு ரயில் ஓடுகிறது. அதில் கொண்டை ஊசியே இல்லை. ஆல்ப்ஸில் ரிகி மலைக்குப் பல்சக்கர ரயில் போட்ட சுவிஸ் பொறியாளர் ரிகன்பாக், 1882-ல் இங்கே வந்து நீலகிரிக்கு ஒரு திட்டம் கொடுத்தார். கடைசியில் கட்டியது இன்னொரு சுவிஸ்காரரான ஆப்ட் கண்டுபிடித்த முறையில். 1899-ல் குன்னூர், 1908-ல் ஊட்டி. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் மிகக் கடுமையான சரிவு பன்னிரண்டுக்கு ஒன்று, அதாவது 8.33 சதவீதம். ரயில்காரர்களுக்கு இந்த ஒரு எண் இருந்தால் போதும். எஞ்சின் எவ்வளவு இழுக்கும், எங்கே பல்சக்கரம் பிடிக்கணும்னு எல்லாம் அதிலிருந்தே கணக்காகிவிடும். சைக்கிள்காரனுக்கும் உடம்புதான் எஞ்சின், அவனுக்கு வேண்டியதும் அதே எண்தான். பிரெஞ்சுக் கணவாய்களில் பல இடங்களில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு கல் நட்டு, அடுத்த கிலோமீட்டரில் சராசரிச் சரிவு இத்தனை சதவீதம்னு எழுதி வைத்திருக்கிறார்கள். நம்மூர்ப் பலகையில் '9/40' என்றிருக்கும். அது லாரி டிரைவருக்கான எச்சரிக்கை. அதையே எடுத்துப் பயணக் குறிப்புக்கு அத்தியாயத் தலைப்பாக்கிவிட்டோம்.

எண்ணுகிற பழக்கம் அங்கேயும் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இத்தாலியின் ஸ்டெல்வியோவில் ஒரு பக்கத்தில் மட்டும் 48 வளைவுகள், எல்லாவற்றுக்கும் எண் பலகை. ஆல்ப் துவெஸில் 21. ஆனால் ஸ்டெல்வியோவைப் பற்றி எழுதும் சுமாரான ஆள்கூட, 1820-களில் ஆஸ்திரியப் பேரரசு தன் லொம்பார்தி மாகாணத்துக்குப் போய்வர அந்த ரோட்டைப் போட்டது என்பதை ஒரு வரியாவது எழுதிவிடுவார். ரோடு எதற்கு வந்தது என்ற கேள்வி அந்த எழுத்து மரபில் ஊறிக் கிடக்கிறது. நம்மிடம் அந்தக் கேள்வியே எழவில்லை.

அதற்குச் சரியான சாட்சி பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே பெரிய வாசல் அது. இருந்தும் நான் பார்த்த அத்தனை குறிப்புகளிலும் அதைப் பற்றி ஒரே ஒரு வரிதான் வந்தது, அதுவும் 'போர் அடிக்கும் ஹைவே' என்று. ஏன்? ஏற்றமில்லை. கோவை சுமார் 410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுக்குப் போவது மொத்தத்தில் இறக்கம். தலைக்கு மேல் சைக்கிளைத் தூக்க அங்கே இடமே இல்லை.

ஆனால் ஜூன், ஜூலையில் ஒருதரம் மேற்கே மிதித்துப் பாருங்கள். இறக்கத்திலும் மிதிக்க வேண்டியிருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று மலைச்சுவரில் முட்டி, இந்த ஓட்டையைக் கண்டுபிடித்து உள்ளே பாய்கிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பதற்கும், எல்லா ஊரும் வேகும் மாசத்தில் கோவை கொஞ்சம் இளைப்பாறுவதற்கும் இதே காரணம்தான். அந்தக் கணவாயில் ஏற்றத்தின் வேலையைக் காத்து செய்கிறது. சைக்கிளில் போகிறவனைத் தவிர வேறு யாருக்கும் அது உடம்பில் தெரியாது. கார்க்காரனுக்குத் தெரியாத ஒரு சேதி கையில் இருந்தும் நம் சைக்கிள்காரர்கள் அதை எழுதாமல் விட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆதங்கம்.

இதே வாசலின் கோவைப் பக்கத்து முனையில், சுண்டக்காமுத்தூரை ஒட்டிய பாறையில் ராஜகேசரிப் பெருவழிக் கல்வெட்டு இருக்கிறது. முதலாம் ஆதித்த சோழன் காலத்தது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. ஒரு பாதைக்குப் பெயர் வைத்து, அதைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு விஷயம்: ஒரே செய்தி தமிழ் எழுத்திலும் இருக்கிறது, வட்டெழுத்திலும் இருக்கிறது. எதற்கு இரண்டு? கிழக்கேயிருந்து வருகிறவன் ஒன்றைப் படிப்பான், மேற்கேயிருந்து வருகிறவன் இன்னொன்றைப் படிப்பான் என்பது என் ஊகம். வெட்டியவனுக்குக் கணவாய்க்கு இரண்டு பக்கம் உண்டுனு தெரிந்திருக்கிறது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்திய அந்தப் பலகையோடு '9/40'ஐ வைத்துப் பார்த்தால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. பொள்ளாச்சியிலும் வெள்ளலூரிலும் ரோமானியக் காசுகள் கிடைத்ததும், கொடுமணலில் மணி செய்த பட்டறைகள் இருந்ததும் இந்த வாசலைச் சேர்த்துப் பார்த்தால்தான் புரியும்.

பொள்ளாச்சிக் காசைச் சொன்னதும் பிரான்சிஸ் புக்கானன் ஞாபகம் வருகிறது. தன் புத்தகத்தில் அவரும் அதைக் குறிக்கிறார். திப்பு விழுந்த மறு வருஷம், 1800-ல், வெல்லெஸ்லி அனுப்பி மதராஸிலிருந்து கிளம்பிய கம்பெனி மருத்துவர். மைசூர், கொங்கு, மலபார், கன்னடக் கரை எல்லாம் சுற்றி 1801-ல் முடித்தார். 1807-ல் மூன்று தொகுதிகளாக அச்சாயிற்று. கொங்குக் கணவாய்களைப் பற்றி இன்றுவரை நான் படித்ததில் இதுதான் உருப்படியான பயண எழுத்து. இத்தனைக்கும் அதில் இயற்கை வருணனை ரொம்பக் கம்மி, சாகசம் சுத்தமாகக் கிடையாது. காவேரிபுரம் வழியாக மைசூர்ச் சீமையிலிருந்து கீழே இறங்குகிறார், பவானிக்கு வருகிறார், சத்தியமங்கலம் போகிறார். போகிற வழியெல்லாம் ஒரே நச்சரிப்பு: இங்கே என்ன விளைகிறது, சரக்கு எங்கே போகிறது, வழியில் சுங்கம் யார் வாங்குகிறார்கள், மழை எந்த மாசம், மண் என்ன நிறம். டணாயக்கன்கோட்டையிலிருந்து நீலகிரிச் சரிவில் அரக்கோடு வரைக்கும் ஏறிப் பார்த்தார். சல்லிவன் கோத்தகிரிப் பக்கம் வந்தது 1819-ல். அதற்கு 19 வருஷம் முந்தியே இவர் ஒரு காலை அங்கே வைத்துவிட்டார். அவருடைய கவனம் மலையில் யார் குடியிருக்கிறார்கள், என்ன விதைக்கிறார்கள் என்பதில்தான் இருந்தது.

அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடவும் முடியாது. வரி வாங்கப் போகிறவர்களுக்காகக் கணக்கெடுத்த கண் அது. பதில் சொல்லும் குடியானவனைச் சந்தேகத்தோடும், சில இடங்களில் இளக்காரத்தோடும்தான் பார்க்கிறது. நம்மூர்ப் பெயர்களை அவர் எழுதியிருக்கும் அழகுக்கு, எந்த ஊர்னு கண்டுபிடிக்கவே தனியாக ஒரு மத்தியானம் வேண்டும். ஆனாலும் அவர் பக்கங்களைப் படித்துவிட்டு மேப்பை விரித்தால், கணவாய் என்பது சந்தைக்கும் சந்தைக்கும் நடுவில் கிடக்கும் தடம்னு பளிச்சென்று தெரிகிறது. நம் பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு மேப்பை விரித்தால் வளைந்த கோடுதான் தெரிகிறது. அவர் தங்கிய டணாயக்கன்கோட்டை இப்போது பவானிசாகர் அணைக்குள்ளே கிடக்கிறது. 1955-ல் அணை முடிந்தபோது தண்ணீருக்குள் போனது. அணை நன்றாக வற்றும் வருஷங்களில் மாதவராயப் பெருமாள் கோயில் வெளியே தலைகாட்டும், சனங்கள் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள்.

அந்த அணைக்கு மேலே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் கஜலஹட்டிக் கணவாய். 1790 செப்டம்பரில் திப்பு மைசூரிலிருந்து இதன் வழியாகப் படையை இறக்கித்தான் சத்தியமங்கலத்தில் கர்னல் ஃபிளாய்டின் படையோடு மோதினார். பீரங்கி, மாடு, மூட்டை முடிச்சு எல்லாம் இறங்கிய வழி. இன்று அங்கே பொதுவழி கிடையாது. 2013 முதல் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. யானைகள் போகின்றன, மாயாற்றுப் பாறைகளில் பாறுக் கழுகுகள் கூடு வைக்கின்றன. மனிதர்கள் நூற்றாண்டுக் கணக்கில் நடந்த கணவாய் திரும்பக் காடாகிப்போன கதை இது, கொங்கில் அபூர்வம்.

இங்கேதான் எண்ணுகிற எழுத்து வெறும் சலிப்பு என்பதைத் தாண்டி ஆபத்தாகவும் ஆகிறது. 'யாரும் போகாத திப்பு ரூட்', 'சீக்ரெட் டிரெயில்' என்று கூப்பிடும் பதிவுகள் இரண்டைப் பார்த்தேன். பின்னூட்டத்தில் இருபது பேர் லொக்கேஷன் கேட்கிறார்கள். கணவாய் என்றால் சவால் என்று மட்டும் எழுதிப் பழகினால் மூடிய கணவாய் இன்னும் பெரிய சவாலாகத் தெரியத்தானே செய்யும்? கஜலஹட்டியை நடைக்கோ சைக்கிளுக்கோ திறக்கவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். வனத்துறை 2024-ல் 'டிரெக் தமிழ்நாடு' என்று நாற்பது பாதைகளை முன்பதிவோடு திறந்துவிட்டிருக்கிறது. பழங்குடி இளைஞர்கள் கூட வருகிறார்கள். 2018 குரங்கணித் தீயில் அத்தனை உயிர் போன பிறகு இப்படி ஒரு ஒழுங்கு தேவைதான். ஆனால் அதுவும் பாதைகளை எளிது, மிதம், கடினம் என்றுதான் பிரிக்கிறது. அந்தத் தடத்தில் யார் எதற்கு நடந்தார்கள் என்பது கூட வருகிற இளைஞரிடம் கேட்டால்தான் கிடைக்கும். கேளுங்கள்.

திம்பத்துக்கு வருவோம். பண்ணாரி கோயிலைத் தாண்டியதும் ஏற்றம். ஏறக்குறைய பதிமூன்று கிலோமீட்டர், எண்ணூறு மீட்டர், சராசரி ஆறு சதவீதம். எல்லாக் காணொளியும் திம்பத்தில் நின்றுவிடுகிறது. நின்றுவிடும் இடத்தில்தான் விஷயமே ஆரம்பம். அதற்கு அப்பால் ஆசனூர், காரப்பள்ளம் செக்போஸ்ட், அப்புறம் கர்நாடகம். இடையில் பிரிந்துபோனால் தாளவாடி. மைசூர்ப் பீடபூமியில் உட்கார்ந்திருக்கும் ஈரோடு மாவட்டத்து ஊர், கன்னடமும் தமிழும் கலந்து பேசும் ஊர். அவர்கள் காய்கறி சந்தைக்கு வருவதும், பெரிய ஆஸ்பத்திரிக்கு வருவதும், கலெக்டர் ஆபீஸுக்கு வருவதும் இந்த 27 வளைவுகள் வழியாகத்தான். இரவில் வண்டியில் அடிபட்டுச் சாகும் விலங்குகளுக்காக 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் இரவுப் போக்குவரத்துத் தடையை அமல்படுத்தச் சொன்னபோது தாளவாடி கொதித்தது, கடையடைப்பு நடந்தது. பிறகு உத்தரவில் சில தளர்வுகள் வந்தன. இன்னொரு பக்கம் கரும்பு லாரிகள். வழியில் சிந்தும் கரும்புக்குப் பழகிப்போன யானைகள் ஆசனூர், காரப்பள்ளம் பக்கம் லாரியை மறித்து உருவிக்கொண்டு போவது நாம் செய்தியில் அடிக்கடி பார்ப்பதுதான்.

யானைக்கு இரவு வேண்டும், தாளவாடிக்காரருக்கு ரோடு வேண்டும். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரவில் வண்டிகளை நிறுத்துவதுதான் சரி என்பது என் கட்சி. ஆனால் ஆம்புலன்ஸ் ஏறாத தாளவாடியில் உட்கார்ந்துகொண்டு இதை அவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்க மாட்டேன் என்பதும் தெரியும். இவ்வளவு பெரிய வழக்கு நடக்கும் ரோட்டில் மூன்று மணி நேரம் மிதித்தவர், 'பதினெட்டாவது வளைவில் கால் பிடிச்சுக்கிச்சு' என்று மட்டும் எழுதினால் வாசகனுக்கு என்ன கிடைக்கும்?

வால்பாறைக் குறிப்புகளிலும் இதே குறைதான், அதனால் நீட்டவில்லை. ஒன்று மட்டும். அந்த மலைக்குக் கூலிகளை எப்படிக் கொண்டுபோனார்கள், கங்காணி எப்படி ஆள் பிடித்தான் என்பதை அங்கே டாக்டராக வேலை பார்த்த பி. எச். டேனியல் நாவலாக எழுதி, இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் கொடுத்திருக்கிறார். அதைப் படித்துவிட்டு அந்த நாற்பது வளைவில் ஏறுகிறவர் கவர்க்கல்லில் நிற்கும் தோட்டத் துரை கார்வர் மார்ஷ் சிலைக்கு முன்னால் வேறு மாதிரி நிற்பார்.

சைக்கிள் இதற்குத் தோதான வாகனம் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். பிரான்சில் வெலோசியோ என்ற பெயரில் எழுதிய பால் து விவி, 1887-ல் ஒரு சைக்கிள் பத்திரிகை ஆரம்பித்து, மலை ஏற கியர் வேண்டும் என்று வருஷக்கணக்கில் வாதாடிக்கொண்டிருந்தார். அதை வீரத்துக்கு இழுக்கு என்று நினைத்தவர்கள் உண்டு. டூர் த பிரான்ஸ் பந்தயத்தில் 1937 வரை கியர் மாற்றியை அனுமதிக்கவில்லை. பெருமைக்காக மிதிக்காதே என்பது அவர் போட்ட விதிகளில் ஒன்று. மெதுவாகப் போனால் பார்க்கலாம், நிற்கலாம், கேட்கலாம். கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்குச் சின்ன உதாரணம்: கோத்தகிரி ரோட்டில் குஞ்சப்பனையில் ஒரு டீக்கடையில் சாயங்காலம் உட்கார்ந்திருந்தேன். கடைக்கார அம்மா சைக்கிளை ஒருதரம் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, பஸ்ஸு கெடைக்கலீங்களா?" என்று ஆரம்பித்தார். அப்புறம், "பலா பழுத்துப் போச்சுங்க. ரெண்டு நாளா யானை இந்தப் பக்கந்தான் நிக்குது. இருட்டறதுக்குள்ள மேல போயிருங்க" என்றார். பலா பழுக்கும் மாசம், யானை இறங்கும் தடம், ரோட்டில் இருக்கக் கூடாத நேரம் – மூன்றும் இரண்டு வாக்கியத்தில் வந்துவிட்டது. எந்தச் செயலியிலும் இது இல்லை. நான் பார்த்த ஐம்பது அறுபது குறிப்புகளிலும் இல்லை.

அடுத்து பர்கூர் மலை வழியை எடுக்கலாம்னு இருக்கிறேன். அந்தியூரில் ஏறி, தாமரைக்கரை, பர்கூர் தாண்டிக் கொள்ளேகால் பக்கம் இறங்கும் ரோடு. செம்பழுப்பில் வெள்ளைத் திட்டுப் போட்ட பர்கூர் மாடு அந்த மலையின் சொந்த இனம். காட்டுக்குள் பட்டி போட்டு மேய்த்து வளர்ந்தது. 2024-ல் அங்கே தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. மேய்ச்சலுக்கு இனி என்ன வழி என்பது மலைக்காரர்களின் பெரிய கவலை. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்குக் கூடும் சந்தையில் போய் முதலில் விசாரிக்க வேண்டியது, அந்த மாடுகள் மலையிலிருந்து எந்தத் தடத்தில் இறங்கி வந்தன, இப்போது லாரியில் வருகின்றனவா, நடந்தேவா என்பது.